காரைக்குடியிலிருந்து கடலுக்கு: பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை ஒருநாள் அழைத்துப் போய் வருவது எப்படி

எங்கள் வீட்டு எம்ஜி டிடி 1952ஆம் ஆண்டு செய்த, திறந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். மலாயாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்யப் போயிருந்த ஐயா (என் தாத்தா), ஈப்போவில் வாங்கிக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். அவருக்குப் பிறகு அப்பச்சி (என் தகப்பனார்) ஓட்டினார். அப்பச்சிக்குக் கண் மங்கியதும் பின்கட்டு வாசலை ஒட்டிய கொட்டகையில் நெடுங்காலம் நின்றது. வீட்டுக்கு ஒரே பெண்ணான நான் அதைத் திரும்ப ஓடவைத்தபோது எனக்கு ஐம்பது வயது. அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் தை மாதத்தில் எங்கள் பழைய கார் கிளப் கடலுக்குப் போய் வருகிறது. வழி பார்ப்பதும் நேரம் குறிப்பதும் என் பொறுப்பு.

கிளப்பில் எட்டு கார்கள். ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லத் தக்கவை என்னுடைய டிடியும் ஓர் எம்ஜிபியும்தான். மற்றவை சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு இரண்டு, பியட் 1100 ஒன்று, மோரிஸ் மைனர் ஒன்று, அம்பாசடர் இரண்டு. இப்படிக் கலந்து போகும் கூட்டத்துக்கு நான் வைத்திருக்கும் முதல் விதி இதுதான்: மிக மெதுவாகப் போகும் காரை முதலில் விட்டு, அதன் வேகத்துக்கு மற்ற எல்லோரும் போக வேண்டும். அந்தக் காரைக் கடைசியில் விட்டால் அதை ஓட்டுகிறவர் முன்னால் போகிறவர்களைப் பிடிப்பதற்காகவே நாள் முழுக்க மிதிப்பார். நண்பகலுக்குள் அந்தக் கார் கொதித்து நிற்கும். எங்கள் கிளப்பில் மோரிஸ் மைனர்தான் முன்னால் போகும். மணிக்கு 55, மிஞ்சினால் 60 கிலோமீட்டர்.

வழியைச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, திருவாடானை, தொண்டி. தொண்டியில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஏறித் தெற்கே உப்பூர், திருப்பாலைக்குடி, தேவிபட்டினம். திரும்பும்போது ஆர்.எஸ்.மங்கலம் வழியாக தேவகோட்டை, காரைக்குடி. சுற்றி வர ஏறக்குறைய 170, 180 கிலோமீட்டர் ஆகும். பழைய காருக்கு ஒரு நாளுக்கு அதுவே போதும்.

தனுஷ்கோடி வரை போகலாமே என்று ஆண்டுதோறும் யாராவது கேட்பார்கள். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்ட பிறகு அந்த ஆசை எல்லோருக்கும் வந்துவிட்டது. இருபுறமும் கடல், நடுவில் ஒற்றைச் சாலை. அழகு என்றால் அதுதான் அழகு, மறுக்க மாட்டேன். ஆனால் போய்வரும் தூரம் ஒரே நாளுக்கு மிக அதிகம். பாம்பன் பாலத்தின் மேல் திறந்த கார் காற்றில் ஆடும். அரிச்சல்முனையில் உப்பும் மணலும் சேர்ந்து பறந்து வந்து ஒவ்வோர் இடுக்கிலும் உட்காரும். இராமேசுவரத்தில் இரவு தங்கி, மறுநாள் காலையிலேயே காரை நல்ல தண்ணீரில் கழுவ வழியிருந்தால் போங்கள். இல்லாவிட்டால் பாக் நீரிணைக் கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நாள் குறிப்பதில் அவசரப்படாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. பங்குனி தொடங்கிவிட்டால் திறந்த காரில் பதினோரு மணிக்கு மேல் உட்கார முடியாது. தையும் மாசி முதல் பாதியும்தான் எங்கள் பக்கத்துக்குப் பொருத்தம். அதிலும் பொங்கலை ஒட்டிய நாட்களில் ஊருக்கு ஊர் மஞ்சுவிரட்டு நடக்கும், சாலையில் மாடும் கூட்டமுமாக இருக்கும். தை அமாவாசையன்று தேவிபட்டினத்தில் கார் நிறுத்த இடமே கிடைக்காது. இரண்டையும் விலக்கி ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடியுங்கள்.

தாள்கள் பற்றி ஒரு வார்த்தை. பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று மூன்றும் ஒவ்வொரு காரிலும் இருக்க வேண்டும். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவாகி 50 ஆண்டுக்கு மேலான, அசல் அமைப்பு பெரிதாக மாறாத வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாம். எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரிப் போக்குவரத்துக்கோ தொழிலுக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் பேரணி போன்றவற்றுக்கு ஓட்டலாம். ஆகவே தேதியும் வழியும் எழுதி, கிளப் பொறுப்பாளர் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தை எல்லாக் காரிலும் வைத்துவிடுகிறோம்.

இனி காரைத் தயார் செய்வது. இங்கேதான் நான் கண்டிப்பாக இருப்பேன். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். முதல் நாள் மாலை பானெட்டைத் திறக்கிறவரை நான் கூட்டிப் போவதில்லை.

முதலில் பெட்ரோல் ஹோஸ். இப்போது பம்புகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய காலத்து ரப்பர் அதைத் தாங்காது. உள்பக்கம் இளகி, துணுக்குத் துணுக்காக உரிந்து கார்புரேட்டருக்குள் போகும். வெளியே வியர்த்தாற்போல் பெட்ரோல் கசியும். தொட்டுப் பார்க்கும்போது பிசுபிசுப்பாக இருந்தால் அந்த ஹோஸ் முடிந்துவிட்டது. எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாயாக எல்லாவற்றையும் மாற்றுங்கள். தீயணைப்பான் இல்லாத கார் எங்கள் வரிசையில் சேராது.

அடுத்தது ரேடியேட்டர். எங்கள் பக்கத்துக் கிணற்று நீர் பல இடங்களில் உப்புக்கரிக்கும். அதை ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பு கட்டும். செட்டிநாட்டு வீட்டில் இருக்கிறவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. வளவில், அதாவது நடுமுற்றத்தில் விழும் மழைநீரை அண்டாவில் பிடித்து வைப்பது எங்கள் வீடுகளில் வழிவழி வந்த பழக்கம். ஐப்பசி மழையில் பிடித்து, துணியில் வடிகட்டி, குடங்களில் மூடி வைத்ததைத்தான் என் ரேடியேட்டருக்கு ஊற்றுகிறேன். பாட்டரிக்கு மட்டும் கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டர். அதில் மழைநீரை நம்பாதீர்கள்.

ஸ்பேனர் விஷயத்தில் டிடி வைத்திருக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். அதன் 1250 சிசி எஞ்சினில் மரை மெட்ரிக், போல்ட்டின் தலை விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு. கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் வழுக்கித் தலையை உருட்டிவிடும். தேவகோட்டையில் என் காரைப் பார்க்கும் மேஸ்திரி ஒரு சாக்குத் துணியில் விட்வொர்த் ஸ்பேனர்களைச் சுருட்டி என்னிடம் கொடுத்தபோது, “ஆச்சி, கழுத்துச் சங்கிலியை வீட்டில் வைத்துவிட்டு வந்தாலும் வாருங்கள், இதை வைத்துவிட்டு வராதீர்கள்” என்றார். அது எப்போதும் இருக்கைக்குப் பின்னால் இருக்கும். இன்னொன்று: டிடியில் பாட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். ஸ்டார்ட் ஆகவில்லை என்று யாராவது ஆர்வத்தோடு வேறு காரிலிருந்து ஒயர் இழுத்து வந்தால் முதலில் தடுத்து நிறுத்தி, இதைச் சொல்லுங்கள்.

கூட வரும் அம்பாசடர் ஒன்றின் டிக்கியில் எல்லோருக்குமான சாமான்கள் போகும்: பேன் பெல்ட், பாயின்ட், கண்டன்சர், ரோட்டார், பிளக், டியூப்கள், காற்றடிக்கும் பம்ப், இழுவைக் கயிறு, இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓர் அகலப் பலகை. பலகையை யாரும் நினைப்பதில்லை. தொண்டிப் பக்கத்து மணலில் ஜாக்கி வைத்தால் கார் ஏறாது, ஜாக்கிதான் இறங்கும்.

காலை ஆறரைக்குக் கிளம்புகிறோம். அதற்கு முன் இருட்டு. பழைய விளக்குகளை நம்பி ஆடு, மாடு, விளக்கில்லாத டிராக்டர் நடுவே போவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஆறரைக்குக் கிளம்பினால் இன்னொரு சங்கடம் இருக்கிறது. தொண்டி நமக்குத் தென்கிழக்கே. தை மாதச் சூரியனும் அதே திசையில்தான் எழும். தேவகோட்டை தாண்டியதும் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். கண்ணாடியில் விரல் ரேகை இருந்தால்கூட எதிரே வரும் பஸ் தெரியாது. முதல் நாள் இரவே கண்ணாடியை உள்ளும் வெளியும் செய்தித்தாளால் துடைத்து வைத்துவிடுங்கள். முன்பக்கம் விளிம்புள்ள தொப்பியை நாடாவால் கட்டிக்கொள்ளுங்கள். பெண்கள் புடவையில் வருவதானால் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொள்ள வேண்டும். டிடியின் கதவு தாழ்ந்தது. பறக்கும் முந்தானை பின்சக்கரத்தின் பக்கம் போகும்.

திருவாடானைப் பக்கம் வந்ததும் மெதுவாகப் போங்கள். நெல் விளையும் பூமி அது. தையில் அறுவடை நடக்கும். சாலையின் ஒரு பாதியில் நெல்லைக் காயப் போட்டிருப்பார்கள், சில இடங்களில் வைக்கோலும் கிடக்கும். மற்ற கார்களுக்கு அது வைக்கோல்தான். தரையிலிருந்து ஒரு சாண்கூட உயரம் இல்லாத ஸ்போர்ட்ஸ் காருக்கு அது நெருப்பு. ஒருமுறை வைக்கோல் மேல் ஓட்டிப் போய்விட்டேன். இரண்டு கிலோமீட்டர் கழித்துக் கருகும் வாசனை. நிறுத்திக் குனிந்து பார்த்தால் சைலன்சர் குழாயைச் சுற்றி ஒரு பிரி வைக்கோல், நடுவில் சிவந்து புகைந்துகொண்டிருந்தது. மேலே மரச்சட்டம், டிடியின் உடலுக்குள் இருப்பது மரம். தண்ணீர் கேனைத் திறந்து ஊற்றியபோது என் கை நடுங்கியதை இப்போதும் உணர்கிறேன். வைக்கோல் கிடந்தால் நின்று, எதிரே வண்டி இல்லை என்று பார்த்து, வலதுபுறம் ஒதுங்கிப் போங்கள். தாண்ட வழியில்லாமல் அதன் மேல்தான் போக நேர்ந்தால், தாண்டிய உடனே நிறுத்தி அடியில் பாருங்கள். நெல் மேல் மட்டும் ஒருபோதும் ஓட்டாதீர்கள். அது ஒரு குடும்பத்தின் வருடச் சோறு.

வேகத்தடைகளை நேராக ஏறக் கூடாது. எஞ்சினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி (ஆயில் சம்ப்) தட்டும். ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக, சாய்வாக ஏறி இறங்க வேண்டும். பின்னால் வருகிறவருக்குக் கையை வெளியே நீட்டித் தாழ்த்திக் காட்டுங்கள். பழைய காரில் பிரேக் விளக்கு சிறியது, பகல் வெயிலில் தெரியாது.

திருவாடானை ஆதிரத்தினேசுவரர் கோயிலின் கோபுரம் வெகுதூரத்திலேயே தெரியத் தொடங்கும். சம்பந்தர் பாடிய தலம். அங்கே பத்து நிமிடம் நிறுத்துகிறோம். கும்பிடுகிறவர்கள் கும்பிடட்டும். மற்றவர்கள் நான்கு சக்கரத்தையும் கையால் தொட்டுப் பார்க்கட்டும். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அதில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கும் இரண்டாவது விதி. ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வரும் காரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்னால் போகிறவரைத் தொடர்வது உங்கள் வேலை அல்ல. திருப்பம் வரும் இடத்தில், பின்னால் வருகிறவர் உங்களைப் பார்க்கும்வரை நிற்க வேண்டும். அவர் பார்த்துக் கையை உயர்த்திய பிறகே திரும்ப வேண்டும். இந்த ஒரு விதி இருந்தால் போதும், எட்டு கார் என்ன, இருபது கார் போனாலும் யாரும் தொலைய மாட்டார்கள். இதற்கு நாங்கள் கொடுத்த விலை உண்டு. மூன்றாம் ஆண்டு, தொண்டி முக்கில் யாரும் நிற்கவில்லை. தெற்கே திரும்ப வேண்டிய ஹெரால்டு வடக்கே திரும்பி எஸ்.பி.பட்டினம் வரை போய்விட்டது. ஓட்டியவருக்கு எழுபத்திரண்டு வயது. கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். அவருடைய மனைவி எங்களோடு வேறு காரில் இருந்தார். அந்த ஒரு மணி நேரம் அந்த அம்மாள் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றதை மறந்தவர்கள் எங்கள் கிளப்பில் யாரும் இல்லை.

தொண்டியில் கடற்கரைக்கே போய்க் காலைப் பலகாரம். வீட்டிலிருந்து இட்லியில் நல்லெண்ணெயும் மிளகாய்ப் பொடியும் தடவி வாழை இலையில் கட்டி எடுத்துப் போகிறோம். கூடவே வெள்ளைப் பணியாரம், வரமிளகாய்த் துவையல். பாக் நீரிணை இது, அலை என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. குளத்துத் தண்ணீர் போலக் கரையைத் தொட்டுத் தொட்டுப் போகும். படகுகள் அசையாமல் நிற்கும். அந்த அமைதியில் எட்டு எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைந்து, கடைசியாக என் காரின் பெட்ரோல் பம்ப் டிக் டிக் என்று இரண்டு தட்டுத் தட்டி ஓயும். ஆண்டு முழுக்க அந்த நிமிடத்துக்காகத்தான் காத்திருக்கிறேன்.

கார்களைக் கடல் பக்கம் நிறுத்தாதீர்கள், தார்ச்சாலை ஓரமாகவே விடுங்கள். சாலையை விட்டு இறங்கினால் சீமைக்கருவேல முள். பழைய டயரைத் துளைத்து டியூப் வரை போகும். முதல் ஆண்டில் ஒரே நாளில் நான்கு பஞ்சர், நான்கும் நிழலுக்காக மரத்தடியில் நிறுத்தியவர்களுக்கு. அந்த மரத்துக்கு நிழலும் சரியாக இல்லை.

தொண்டிக்குத் தெற்கே புதிதாக வருகிறவர்கள் ஏமாறக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். கடற்கரைச் சாலை என்று பெயர் இருந்தாலும் கடல் பெரும்பாலும் கண்ணில் படாது. கருவேலங்காடும் உப்பு பூத்த வெளியும் பனைமரங்களும்தான் கூட வரும். காற்றில் மட்டும் கடல் இருக்கும். கடலைப் பார்க்க இடதுபுறம் கிளைச்சாலைகளில் இறங்க வேண்டும். அதில் எனக்குப் பிடித்தது காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகில் அழைத்துப் போகிறார்கள். நேரம் இருந்தால் ஒருமணி நேரம் அதற்கு ஒதுக்குங்கள். கிளைச்சாலை குறுகலானது. எட்டு காரும் ஒன்றாக இறங்காமல் நான்கு நான்காகப் போய் வாருங்கள்.

இந்தச் சாலையில் மீன் வண்டிகள் நிறையப் போகும். அவற்றின் பின்னால் ஒருபோதும் தொடர்ந்து போகாதீர்கள். பனிக்கட்டி கரைந்து உப்புத் தண்ணீராகச் சாலை முழுக்கச் சிந்திக்கொண்டே போவார்கள். மூடிய காருக்கு அது கண்ணாடியில் தெறிக்கும், நமக்கு முகத்திலும் பிரேக் குழாயிலும் தெறிக்கும். ஒதுங்கி நின்று, வண்டி கண்ணுக்கு மறைந்ததும் கிளம்புங்கள்.

உப்பூரில் வெயிலுகந்த விநாயகர் இருக்கிறார். சூரிய ஒளி தன் மேல் பட அமர்ந்திருக்கும் பிள்ளையார். கூரையில்லாத காரில் அந்த வெயிலிலேயே வந்து இறங்கி அவரைக் கும்பிடுவது எனக்கு மனநிறைவாக இருக்கும். காருக்கு ஒரு சிதறுகாய் போடுகிறோம். பத்து மணிக்கு மேல் ஆகியிருக்கும், வெப்பம் ஏறத் தொடங்கும். இங்கேயிருந்து ஒரு காதை பம்ப் மேல் வைத்துக்கொள்ள வேண்டும். டிக், டிக் என்று நிதானமாகத் தட்டும் எஸ்யு பெட்ரோல் பம்ப் திடீரென விடாமல் படபடவென்று தட்டினால், பெட்ரோல் குழாய்க்குள் ஆவியாகி அடைத்துக்கொண்டிருக்கிறது. நிறுத்தி, இரண்டு பக்க பானெட்டையும் தூக்கி, பம்ப் மேலும் குழாய் மேலும் ஈரத்துணி போட்டு கால் மணி நேரம் விடுங்கள். தானாகச் சரியாகும். அதற்குள் கார்புரேட்டரைக் கழற்றத் துடிக்கும் கைகளை வேறு வேலைக்கு அனுப்புங்கள். ரேடியேட்டர் மூடியையும் அப்போது தொடக் கூடாது.

தேவிபட்டினத்தில் கரையிலிருந்து நடந்து போனால் கடலுக்குள் நவபாஷாணம். இராமர் நிறுவிய ஒன்பது கோள்கள் என்று நம்பிக்கை. ஒன்பது கற்களைச் சுற்றிலும் தண்ணீர். அங்கே கும்பிட்டுவிட்டுச் சாப்பாடு, பிறகு மூன்று மணிவரை ஓய்வு. இந்த ஓய்வைக் குறைக்காதீர்கள். வயதானவர்களும் எஞ்சின்களும் ஆறுவதற்கு ஒரே நேரம்தான் ஆகிறது.

திரும்பும் வழியில் ஒரே ஓர் இடத்தில் நிற்கச் சொல்வேன். ஆர்.எஸ்.மங்கலத்துப் பெரிய கண்மாய். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்’ என்று சொல்வழக்கு. ஒரே மூச்சில் நாரைகூடக் கடக்க முடியாத அகலமாம். நல்ல மழை பெய்த ஆண்டில் அந்தக் கரையில் நின்று மாலை வெளிச்சத்தில் பாருங்கள். காலையில் பார்த்த கடலுக்கு அது குறைந்ததல்ல.

வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டுப் படுக்கப் போகாதீர்கள். வேலை இன்னும் இருக்கிறது. முதன்முதலாகக் கடலுக்குப் போய் வந்த ஆண்டு, அலுப்பில் காரை அப்படியே கொட்டகையில் விட்டுத் துணி போர்த்திவிட்டேன். நாலு மாதம் கழித்து எடுத்தபோது தெருமுனையில் பிரேக் மிதி தரைவரை இறங்கியது. உப்பு தின்ற இரும்புக் குழாய் ஒன்று ஊசித்துளையாகக் கசிந்திருந்தது. சுவரில் முட்டி நின்றதால் ஒருவருக்கும் அடியில்லை.

இப்போதெல்லாம் அன்று இரவே கழுவிவிடுகிறோம். மேல்பக்கம் அல்ல முக்கியம், அடிப்பக்கம். பின்வாசலில் இரண்டு பலகைகள் மேல் காரை ஏற்றி, உப்பில்லாத தண்ணீரைக் குழாயில் மெதுவாகப் பாய்ச்ச வேண்டும். மட்காப்பின் உள்மடிப்பு, ஸ்பிரிங் பட்டைகளின் இடுக்கு, பிரேக் குழாய் போகும் பாதை, ரேடியேட்டரின் முன்முகம். எஞ்சின் ஆறிய பிறகே தண்ணீர். வேகமாகப் பீய்ச்சும் இயந்திரத்தை மரச்சட்டம் உள்ள காருக்குப் பயன்படுத்தாதீர்கள். தண்ணீர் கதவுக்குக் கீழே மரத்துக்குள் ஏறிவிட்டால் உப்பைவிட மோசம். குரோம் பாகங்களைத் துடைத்து மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள்.

கழுவி முடித்ததும் தெருவில் ஒரு கிலோமீட்டர் ஓட்டி, பிரேக்கை மெல்ல மெல்ல மிதித்து டிரம்மைக் காயவைத்துக் கொண்டுவாருங்கள். பிறகு கை பிரேக் போடாமல், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து நிறுத்துங்கள். ஈர டிரம்மில் பிரேக்கைப் பிடித்து வைத்தால் ஒட்டிக்கொள்ளும். போர்வைத் துணியை மறுநாள் நண்பகலுக்கு மேல், எல்லாம் உலர்ந்துவிட்டதைக் கைவைத்துப் பார்த்த பிறகு போர்த்தினால் போதும்.